கதையைத் திருப்பிச் சொல்ல வைப்பது: வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைத்தான் அதிகம் எடுத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களில் கதை பற்றிப் பேச்சு வந்தால், "நாம சொன்னா நல்லா கேக்குறாங்க, திருப்பிச் சொல்லச் சொன்னா மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறாங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. தேநீர் இடைவேளையில் கேட்டவை, ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக வந்தவை எல்லாவற்றையும் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 5 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

1. திருப்பிச் சொல்றதுன்னா என்ன டீச்சர்? நாம சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறதா?

இல்லை. ஒப்பிக்கும்போது சொற்கள் நம்முடையவை. திருப்பிச் சொல்லும்போது சொற்கள் பிள்ளையுடையவை, நடந்தது மட்டும்தான் கதையிலிருந்து வருகிறது. பேருந்தில் பார்த்த ஒரு சண்டையை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். யார் யார் இருந்தார்கள், சில்லறைக்காகச் சண்டை எப்படி வந்தது, கண்டக்டர் என்ன சொன்னார், கடைசியில் யார் இறங்கிப் போனார் என்று எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை.

அங்கே வருவது வகுப்பில் ஏன் வருவதில்லை? அம்மா அந்தப் பேருந்தில் இல்லை. சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வகுப்பிலோ, டீச்சருக்குக் கதை தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவரே கேட்டால் அது பரீட்சை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. கீழே உள்ள பதில்களில் பல, சுற்றி வந்து இந்த இடத்தில்தான் நிற்கும்: கதையைக் கேட்காத ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

2. எந்தக் கதையில ஆரம்பிக்கலாம்?

ஒரே மாதிரி நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வரும் கதையில் ஆரம்பியுங்கள். என் முதல் தேர்வு எப்போதும் பேர் மறந்த ஈயின் கதைதான். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பேரை மறந்துவிடுகிறது. "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே" என்று ஒவ்வொருவரிடமும் போய்த் தன் பேரைக் கேட்கிறது. யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் குதிரை கனைக்கும்போது "ஈஈஈ" என்று வருகிறது, பேர் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் பழைய வரிசை முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால், கதை முடிவதற்குள்ளேயே பிள்ளைகள் பாதியைத் திருப்பிச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

அடுத்த படி குல்லா வியாபாரியும் குரங்குகளும், அப்புறம் காக்கா வடை. முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப் போகும் கதையையும், ஈரலை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று முதலையை ஏமாற்றும் குரங்கின் கதையையும் இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவற்றில் ஒருவர் மனதில் ஒன்று இருக்கிறது, வாயில் வேறொன்று வருகிறது. 5 வயதுப் பிள்ளை கேட்டு ரசிக்கும். ஆனால் முயல் நினைத்தது, முயல் சொன்னது, சிங்கம் நம்பியது என்ற மூன்றையும் பிரித்துச் சொல்வது அந்த வயதுக்குப் பெரிய வேலை. புதிய கதை வேண்டுமென்றால் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிமையான 'நுழை', 'நட' வரிசையில் எடுங்கள். ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

3. நான் எத்தனை தடவை சொல்லணும்? புத்தகத்தைப் பார்த்துப் படிக்கவா, வாயாலயே சொல்லவா?

குறைந்தது மூன்று தடவை, மூன்று வேறு நாட்களில். முதல் நாள் வாயால் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்து. நடுவில் கேள்வி வேண்டாம், கதை ஓடட்டும். இரண்டாம் நாள் புத்தகம் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். "நரி வடையைத் தூக்கிட்டு மரத்துல உட்காந்துச்சாம்" என்று சொல்லிப் பாருங்கள். "இல்ல மிஸ், காக்கா!" என்று வகுப்பே எழுந்து நிற்கும். உங்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் கதை அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

நம் பாட்டிகள் கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை வைப்பார்கள்: 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். அதை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் 'ம்' பலமாக வருகிறது, எந்த இடத்தில் இழுக்கிறது என்பதை வைத்தே யார் கதையோடு வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

4. "யார் கதை சொல்றீங்க?"ன்னு கேட்டா ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டேங்குறாங்க.

40 கண்களுக்கு முன்னால் தனியாக நின்று முழுக்கதை சொல்வது கடைசிப் படி. அதை முதல் படியாக வைத்தால் யாரும் ஏற மாட்டார்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து சொல்லட்டும்: நீங்கள் பாதி வாக்கியம், வகுப்பு மீதி வாக்கியம். அப்புறம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாக்கியம். அப்புறம் இரண்டு இரண்டு பேராக, ஒருவர் சொல்ல, ஒருவர் 'ம்' கொட்ட. விரல் பொம்மையோ, ஐஸ் குச்சியில் ஒட்டிய காகிதக் காக்காவோ கையில் இருந்தால் பார்வை பொம்மை மேல் போய்விடும், பிள்ளைக்குக் கூச்சம் குறையும்.

நான் மிகவும் நம்பும் வழி ஒன்று உண்டு. நேற்று வராத பிள்ளையைக் கூப்பிட்டு, "இவனுக்கு நேத்து கதை தெரியாது. யாராவது சொல்லுங்களேன்" என்பேன். பத்துக் கை உயரும். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். சத்துணவு அக்காவிடம் போய்ச் சொல்வது, பக்கத்து வகுப்புக்குப் போய்ச் சொல்வது எல்லாம் இதே வழிதான்.

5. எதுக்கெடுத்தாலும் "அப்புறம்... அப்புறம்..."னே சொல்றான். இதை எப்படி நிறுத்துறது?

நிறுத்த வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "காக்கா வட எடுத்துச்சு. அப்புறம் நரி வந்துச்சு. அப்புறம் பாட்டு பாடுச்சு. அப்புறம் வட வுழுந்துச்சு. அப்புறம் நரி ஓடிச்சு." நிகழ்ச்சி வரிசை அத்தனையும் சரி. 5 வயதில் அதுவே பெரிய விஷயம். 'அப்புறம்' என்பது அவன் அடுத்த நிகழ்ச்சியைத் தேடி எடுக்கும் வரை கதையை அறுந்து விடாமல் பிடித்துக்கொள்ளும் கை.

இல்லாதது வேறு. யார் பாட்டு பாடியது? நரி எதற்காகப் பாடச் சொன்னது? பாடியதற்கும் வடை விழுந்ததற்கும் என்ன தொடர்பு? நடந்தது வந்துவிட்டது, காரணம் வரவில்லை. "அப்புறம் சொல்லாதே" என்று தடுத்தால் பையன் பேசுவதையே நிறுத்திவிடுவான். காரணத்தை வரவழைக்க நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். கேட்பவர்களில் பாதிப் பேர் 'ம்' கொட்டுவார்கள், மீதிப் பேர் "ஏனாம்?" என்று கேட்பார்கள். "நரி பாடச் சொல்லுச்சு." "ஏனாம்?" "வடைய புடுங்கணும்னு." "வட வுழுந்துச்சு." "ஏனாம்?" "வாயத் தொறந்துச்சுல்ல!" இப்படி இரண்டு வாரம் போனால் போதும், யாரும் கேட்காமலே "வாயத் தொறந்ததும் வட வுழுந்துடுச்சு" என்று சேர்ந்து வரும்.

தமிழில் இதற்கு வசதி அதிகம். திறந்ததும், திறந்ததால், திறக்கும்போது, திறந்தும் என்று ஒரே வினையின் வாலை மாற்றினாலே காலமும் காரணமும் வந்துவிடும். பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் இதையெல்லாம் ஏற்கனவே சொல்கிறார்கள். கதைக்குள் கொண்டு வர வைப்பது மட்டும்தான் நம் வேலை. அப்புறம் ஒன்று: 'என்று' கொடுத்துப் பேசுவதை ஊக்கப்படுத்துங்கள். "நரி பாடச் சொல்லுச்சு" என்பதைவிட "காக்கா காக்கா, ஒரு பாட்டு பாடேன்னு நரி கேட்டுச்சு" என்று சொல்லும் பிள்ளை நரியாகவே ஆகிவிடுகிறது. நரி ஏன் கேட்டது என்பது அதற்குத் தானாகத் தெரிந்துவிடும்.

6. "தூக்கிட்டுப் போச்சு", "வுழுந்துச்சு"ன்னு கொச்சையாவே சொல்றாங்க. திருத்தணுமா வேண்டாமா?

கதை நடுவில் திருத்தவே திருத்தாதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எந்த வீட்டிலும் குழந்தை "தூக்கிக்கொண்டு சென்றது" என்று பேசிக் கேட்டு வளர்வதில்லை. சொல்லும் வேகத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால், பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கதையை விட்டுவிடும்.

எழுத்துத் தமிழ் காது வழியாக வரட்டும். 3-ஆம் பதிலில் இரண்டாம் நாள் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாம் வகுப்பில் "இப்போ இதையே ரேடியோவில் சொல்ற மாதிரி சொல்லலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு காகம் வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது" என்று அவர்களே குரலை மாற்றிக்கொண்டு சொல்வார்கள். இரண்டு தமிழும் தங்களிடம் இருக்கிறது என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. ஒன்று தப்பு, மற்றது சரி என்று சொல்லிக் கொடுத்தால் அந்தப் பெருமை போய்விடும்.

7. நல்லா சொல்லிட்டு வந்து நடுவுல நின்னுடுறா. எடுத்துக் கொடுக்கலாமா?

முதலில் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நாம் பெரும்பாலும் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுகிறோம். பத்துக்குள் வரவில்லை என்றால் 'ம்' மட்டும் கொட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் பிள்ளை கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள்: "சிங்கம் கிணத்துக்கிட்ட வந்துச்சு..." அப்போதும் நின்றால் ஒரு கேள்வி: "கிணத்துக்குள்ள என்ன தெரிஞ்சுது?" இந்த வரிசையில் போனால் அடுத்த வரியை நீங்களே சொல்ல வேண்டிய தேவை எப்போதாவதுதான் வரும்.

என் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு சணல் கயிறு தொங்கும். அதில் ஐந்து முடிச்சு. முதல் முடிச்சு யார், எங்கே. இரண்டாவது என்ன சிக்கல். மூன்றும் நான்கும் என்னென்ன செய்து பார்த்தார்கள். ஐந்தாவது எப்படி முடிந்தது. சொல்லும் பிள்ளை கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விரலை ஒவ்வொரு முடிச்சாக நகர்த்தும். நின்றுபோனால் விரல் எந்த முடிச்சில் இருக்கிறது என்று பார்த்தால் போதும், எங்கே சிக்கியிருக்கிறது என்று நமக்கும் தெரியும், அதற்கும் தெரியும். கயிறு அழுக்காகிக் கறுத்துப் போனாலும் அதையேதான் கேட்பார்கள், புதுக் கயிறு வேண்டாம் என்பார்கள்.

8. படத்தைக் காட்டினா சொல்றாங்க, படத்தை எடுத்துட்டா சொல்ல மாட்டேங்குறாங்க.

படம் இருக்கும்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். "இது காக்கா. இது மரம். இங்க நரி நிக்குது." இது கதை ஆகவில்லை, படத்தில் உள்ளதைக் காட்டுவதோடு நிற்கிறது. கேட்பவருக்கும் படம் தெரிவதால் 'இது', 'இங்க' என்றாலே போதுமானதாகிவிடுகிறது.

படத்தை எடுக்க வேண்டாம், திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். சொல்பவருக்கு மட்டும் படம் தெரியட்டும், கேட்பவருக்கு அட்டையின் முதுகுதான் தெரிய வேண்டும். உடனே 'இது' போய், "மரத்துக்குக் கீழ நரி நிக்குது" என்று வரும். மறு வாரம் ஆறு படத்துக்குப் பதில் மூன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் கயிறு மட்டும்.

9. கதையையே மாத்திடுறாங்க டீச்சர். அது தப்பில்லையா?

எதை மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். சிங்கம் முயலைத் தின்றுவிட்டது என்று முடித்தால் கதை புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள். ஆனால் பெரும்பாலான மாற்றங்கள் அப்படிப்பட்டவை அல்ல. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் இதைப் பெரியவர்களிடமே பார்த்து 1932-இல் எழுதியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களிடம் கொடுத்துத் திருப்பிச் சொல்ல வைத்தபோது, தங்களுக்குப் பழக்கமில்லாததை விட்டுவிட்டார்கள் அல்லது பழக்கமானதாக மாற்றிவிட்டார்கள். கதையில் சீல் வேட்டைக்குப் போனவர்கள், திருப்பிச் சொன்னபோது மீன்பிடிக்கப் போனவர்களாக ஆனார்கள். நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. கேட்டதைத் தன் வாழ்க்கையோடு சேர்த்துத்தான் அது கட்டிக்கொள்கிறது.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குல்லா வியாபாரி கதையைக் குடம் விற்கிறவர் கதையாக்கினாள். அவள் அப்பா மொபெட்டில் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். குரங்குகள் குடங்களைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டன. அந்த இடத்தில் நின்றாள். விரல் நான்காம் முடிச்சில். குல்லா என்றால் வியாபாரி தலையிலிருந்து கழற்றி எறிவார், குடத்தை யார் தலையில் மாட்டுவார்கள்? கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தாள். அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்ப்பது போல் காட்டி, "எங்கப்பா குடத்தைத் தலையில கவுத்துக்கிட்டாரு. கொரங்கும் கவுத்துக்கிச்சு. கண்ணு தெரியல. எல்லாம் கீழ போட்டுடுச்சு" என்றாள். கதையின் எலும்பு எதுவென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது: குரங்கு பார்த்ததைச் செய்யும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினாள். இதைத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

10. ஒரு பொண்ணு ஜூன்லேருந்து வாயே திறக்கல. என்ன செய்யறது?

பேசாமலும் திருப்பிச் சொல்லலாம். படங்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், மற்றவர்கள் சொல்லும்போது நடித்துக் காட்டச் சொல்லுங்கள், பொம்மையை நகர்த்தச் சொல்லுங்கள். வரிசை சரியாக இருந்தால் கதை அவளுக்குள் இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து 'ம்' கொட்டுகிறாளா என்றும் பாருங்கள். வீட்டில் நன்றாகப் பேசுகிறாளா என்று அம்மாவிடம் கேளுங்கள். பேசுகிறாள் என்றால் காத்திருக்கலாம், எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தாமல் இருந்தால் போதும். வீட்டிலும் பேச்சு குறைவு, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

11. எங்க ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்க வீட்ல தெலுங்குதான். தமிழ்ல எப்படிச் சொல்லுவாங்க?

முதலில் தெலுங்கில் சொல்லட்டும். நிகழ்ச்சியை வரிசைப்படுத்துவது, காரணம் சொல்வது, கேட்பவருக்குப் புரிய வைப்பது எல்லாம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்குப் போக சொற்கள் மட்டும்தான் வேண்டும். 2-ஆம் பதிலில் சொன்ன ஈ கதை தெலுங்கிலும் உண்டு. ஈ வீடு மெழுகிக்கொண்டே பேரை மறந்ததாம் என்பது அங்கே பழமொழியாகவே வழங்குகிறது. ஒரு பையன் வீட்டில் பாட்டியிடம் கேட்டு வந்து தெலுங்கில் சொன்னான். தமிழ்ப் பிள்ளைகள் வரிசையை வைத்தே புரிந்துகொண்டு, குதிரை வந்ததும் கூடச் சேர்ந்து கனைத்தார்கள். செங்கல் சூளைக்கு வந்த ஒடியாப் பிள்ளைகள் இருந்தால் படமும் பொம்மையும்தான் துணை. ஆனால் அவர்கள் மொழியில் பேசுவதைத் தடுக்காதீர்கள்.

12. ரெண்டே டீச்சர், அஞ்சு வகுப்பு. ஒவ்வொருத்தரையா கதை சொல்ல வச்சா பாடம் எப்ப நடத்துறது?

நியாயமான கேள்வி. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பதுதான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, அதனால் இந்த நிலைமை நிறைய ஊர்களில் உண்டு. ஒவ்வொருவராகக் கேட்கவே கேட்காதீர்கள். இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தால் பாதி வகுப்பு ஒரே நேரத்தில் சொல்லும், பத்து நிமிடத்தில் இரு பக்கமும் முடிந்துவிடும். சத்தம் வரும். வரட்டும். நீங்கள் அன்றைக்கு இரண்டு ஜோடிகளுக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்.

வகுப்புகள் கலந்து இருப்பது இதற்கு உதவியும்கூட. மூன்றாம் வகுப்புக்கு ஒரு கதை சொல்லிவிட்டு, அதை ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் விடுங்கள். கேட்காத ஆள் பக்கத்துப் பாயிலேயே இருக்கிறார். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும்போதும் கதைக்கு மட்டும் கலந்து உட்கார வையுங்கள். எழுத்தில் அரும்பாக இருக்கும் பிள்ளை கதையில் எல்லாரையும் முந்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

13. இதுக்கு எப்படி மதிப்பெண் போடறது?

மதிப்பெண்ணாகப் போட வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் போடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஜூலையில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை அது சொன்னதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். கைபேசியில் பதிவு செய்து அப்புறம் கேட்டு எழுதலாம், ஆனால் அந்தப் பதிவை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஐந்து முடிச்சில் எத்தனை வந்தது, எத்தனை இடத்தில் நீங்கள் உதவினீர்கள், காரணம் எங்காவது வந்ததா என்று மட்டும் குறித்தால் போதும். இரண்டு பக்கத்தையும் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டினால், 80 மார்க் என்று சொல்வதைவிட அம்மாக்களுக்கு நன்றாகப் புரிகிறது.

14. கொழுக்கட்டை கதையில பொண்டாட்டியை அடிக்கிறார் இல்ல? அதை அப்படியே சொல்லலாமா?

தெரியாதவர்களுக்கு: மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவர், பேரை மறக்காமல் இருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்பார், அதுவே வாயில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அத்திரிபாச்சா செய்து தரச் சொல்லி, புரியாத மனைவியை அடிப்பார். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று யாரோ சொல்ல, பேர் நினைவு வரும்.

திருப்பிச் சொல்ல இதைவிட நல்ல கதை குறைவு, வழியெல்லாம் அந்த ஒரே சொல்தான். ஆனால் அடி சகஜமான வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த அடிக்கு வகுப்பு சிரிப்பதை நான் விரும்பவில்லை. அவர் அவசரத்தில் வாசற்படியில் முட்டிக்கொள்வார், நெற்றி வீங்கும், மனைவி "என்னங்க, கொழுக்கட்டை மாதிரி வீங்கிருச்சே" என்பார் என்று மாற்றிச் சொல்கிறேன். வாய்மொழிக் கதை சொல்பவரோடு மாறுவதுதான். ஒருமுறை ஒரு பையன், "எங்க ஆயா சொன்ன கதையில அவரு அடிப்பாரு" என்றான். ஆமாம், அப்படியும் சொல்வார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை, அதனால் மாற்றினேன் என்று அவனிடம் உள்ளதைச் சொன்னேன்.

15. கடைசியில "இந்தக் கதையின் நீதி என்ன?"ன்னு கேக்கணும்ல?

நான் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் எல்லாக் கதைக்கும் "பொய் சொல்லக் கூடாது" என்று வந்தது. முயல் பொய் சொல்லித்தான் தப்பித்தது, அந்தக் கதைக்கும் அதே பதில். கதையை நினைத்துப் பார்க்காமலே சொல்லக்கூடிய ஒரு பதிலாக நீதி ஆகிவிட்டது.

அதற்குப் பதிலாக, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்கிறேன். காக்கா வடையை இருபது தடவையாவது திருப்பிச் சொல்லியிருப்போம். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "காக்காவும் ஏமாந்துச்சு, நரி தின்னுட்டுப் போயிடுச்சு. பாட்டிக்கு யாரு காசு தருவா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் மூன்று பேர், நரி பாட்டிக்குச் சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்து போடும் கதையோடு வந்தார்கள். ஒருத்தி பாட்டி அந்த நரிக்கு இன்னொரு வடை கொடுத்ததாகச் சொன்னாள். இல்லை, கொடுக்கக் கூடாது என்று மற்ற இருவரும் மணி அடிக்கும் வரை சண்டை போட்டார்கள்.